சீட்டுக்கு அடியில் ஒரு சந்தனப் பொட்டு

போன வருஷம் ஆவணி மாதம். தெஹியோவிட்ட பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், என் நாத்தனாருக்குக் கல்யாணம். சுற்றியுள்ள தோட்டங்களிலும் அதே முகூர்த்தத்தில் கல்யாணங்கள் என்பதால் மேளக்காரர்கள் கிடைக்கவில்லை. மேளச் சத்தமே இல்லாமல் கோயிலுக்குப் போவதா என்று அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. "நம்ம கார்லயே நாதஸ்வரம் போட்டுக்கிட்டு போவோம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான்தான்.

எங்களுடையது பழைய சின்னக் கார். அதோடு வந்த பாட்டு செட்டின் சத்தம் உள்ளே இருப்பவர்களுக்கே பத்தாது. அவிசாவளை டவுன் கடையில் கேட்டால், அந்த செட்டையே கழற்றி வீசச் சொன்னார்கள். ரிவர்ஸ் கேமராவும் அதில்தான் தெரியும் என்பதால் எனக்கு மனமில்லை. செட்டில் கை வைக்காமல், பின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே பாட்டை எடுத்துத் தனி ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கலாம் என்று ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் வயர் வேலையெல்லாம் என்னுடையது. என் வீட்டுக்காரருக்கு பல்ப் மாற்றவே பயம்.

பெட்டரியைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். ஆம்ப்ளிபயரை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். எர்த் வயர் வெறும் இரும்பில் படவேண்டும் என்று சீட் போல்ட்டைச் சுற்றி பெயின்ட்டைச் சுரண்டியபோது தகடு விரலைக் கிழித்துவிட்டது. உள்ளே போய்த் துணி சுற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் வந்து ஆம்ப்ளிபயருக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். பிரிட்ஜ், மிக்ஸி எதுவும் தப்பியதில்லை. எர்த் வயரைப் பூட்டி மிச்ச வேலையை முடித்தேன்.

பெட்டரியைத் திரும்பப் பூட்டி, டிக்கியில் வைத்த ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டோம். எங்கள் லயத்து வீட்டு வரிசையே அதிர்ந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காரை ஸ்டார்ட் செய்தபோதுதான் வினை தெரிந்தது. நாதஸ்வரத்துக்கு நடுவே "ஙீ" என்றொரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. வயர்களை வேறு பக்கமாக இழுத்துப் பார்த்தேன், இறுக்கிப் பார்த்தேன், அந்தச் சத்தம் போகவில்லை. "விட்ருங்க அண்ணி, நான் சும்மாவே போறேன்" என்றாள் நாத்தனார். அதைக் கேட்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணத்தன்று காலையிலும் சீட்டுக்கு அடியில்தான் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். பாதித் தலை பின்னியபடி கல்யாணப் பொண்ணே எழுந்து வந்து நின்றாள்.

"அண்ணி, அண்ணன் எங்கெங்க பொட்டு வெச்சாரு?"

"ஆம்ப் மேல."

"அங்க மட்டுமா? நம்ம டீவி கதை மறந்து போச்சா?"

ஒருமுறை எங்கள் டீவிக்கு ரிமோட் வேலை செய்யவில்லை. பெட்டரி மாற்றியும் பலனில்லை. கடைசியில் பார்த்தால், ரிமோட்டின் வெளிச்சத்தை வாங்குகிற டீவியின் கண்ணில் அவர் வைத்த சந்தனம் அப்பியிருந்தது.

எர்த் போல்ட்டைக் கழற்றினேன். நான் சுரண்டிய இடத்தில் காய்ந்துபோன சந்தனம். சீட்டுக்கு அடி இருட்டில் அது தெரியாமல், அதன் மேலேயே வயரை வைத்து முறுக்கியிருக்கிறேன். எர்த் சரியாகப் பிடிக்காமல்தான் இன்ஜின் சத்தம் பாட்டில் கலந்திருக்கிறது.

வந்தது பாருங்கள் கோபம். அவரைக் கூப்பிட்டேன். கையில் மாலையோடு வந்தார்.

"அங்க எதுக்குங்க பொட்டு?"

"நீ கையக் கிழிச்சுக்கிட்ட எடமில்ல. ரெத்தம் பட்டிருந்திச்சு, அதான் அங்கயும் ஒண்ணு வெச்சேன்" என்றார்.

திட்ட வாயெடுத்தவள், உப்புத்தாளை மட்டும் எடுத்துவரச் சொன்னேன். நாத்தனார்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இடத்தைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயரைப் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். நன்றாக மிதித்தும் பார்த்தேன். நாதஸ்வரம் மட்டும்தான் கேட்டது.

டிக்கியைத் திறந்து வைத்து, இறப்பர் மரங்களுக்கு நடுவே மெதுவாக ஓட்டிப் போனேன். லயத்து வாசல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சந்தியில் நின்ற சிங்களப் பெண்கள் சத்தத்தை இன்னும் கூட்டச் சொல்லிக் கை காட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் நாத்தனார் கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் புதிதாக எதைப் பூட்டினாலும் முதலில் அவரைக் கூப்பிட்டு, பொட்டு வைக்கும் இடத்தை நானே காட்டிவிடுகிறேன். அந்த போல்ட்டிலிருந்து சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். எனக்கு வலித்த இடத்தைத் தேடிப் போய் ஒருவர் பொட்டு வைத்தார் என்பது மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை.