நாலு நாற்பதுக்கு முன்னால் இல்லை

அந்த டிப்போவில் அவளுடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் அவள் நிமிஷக்கா. "ரெண்டு நிமிஷம் லேட்டு", "ஒரு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டீங்க" என்று நாளெல்லாம் நிமிஷத்திலேயே பேசுகிறவளுக்கு வேறு என்ன பெயர் ஒட்டும்?

நிமிஷக்கா டைம் கீப்பர். டிப்போவின் வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அதில் ஒரு நாற்காலி, ஒரு பெரிய கடிகாரம், ஒரு மைக். மைக் பாதி நாள் வேலை செய்யாது. அதனால் அவளுக்கு அது தேவைப்படாமலே போய்விட்டது. நாற்பது பஸ் ஒரே நேரத்தில் உறுமினாலும் அதற்கு மேலே அவள் குரல் போய்ச் சேரும். வீட்டிலும் அதே குரல்தான் வரும். "மெதுவாப் பேசேன், பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம வீட்டுக் கதையெல்லாம் மனப்பாடமா வெச்சிருக்காங்க" என்று கணவர் அடிக்கடி கெஞ்சுவார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். ஒரு மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்கிற மனுஷன். பேச்சும் அப்படித்தான், அளந்து வரும்.

இருபத்தேழு வருஷமாக அவள் அடுத்தவர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தாள். அவளே எங்காவது போனாள் என்றால் அது குடும்பத்தோடு, பெட்டி எண்ணி, தலை எண்ணி, யாருக்கு ஜன்னல் ஓரம் என்ற சண்டையைத் தீர்த்து வைத்த பயணமாக இருக்கும். போன ஊரில் எதைப் பார்த்தாள் என்று கேட்டால், யார் யாருக்கு வயிறு சரியில்லாமல் போனது என்றுதான் அவளால் சொல்ல முடியும்.

ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு ஓர் ஆசை முளைத்தது. பயிற்சி வகுப்பு ஒன்றில் வேறு டிப்போக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு நகரத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே பஸ், டிராம், ஆற்றைக் கடக்கிற படகு மூன்றும் ஒரே நேர அட்டவணையில் ஓடுமாம். படகு கரையைத் தொடும்போது பஸ் வந்து நிற்குமாம். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நிமிஷக்காவுக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே ஓடவில்லை.

"நாலு நாள் லீவு போட்டு நான் அந்த ஊருக்குப் போய்ட்டு வரப்போறேன்," என்றாள் ஒரு காலைச் சாப்பாட்டின்போது. "தனியா."

கணவர் ரொட்டியைப் பாதியில் நிறுத்தினார். "தனியான்னா?"

"தனியான்னா தனியாத்தான். உங்களுக்கு அங்க போரடிக்கும். நான் பஸ்ஸைப் பாக்கப் போறேன்."

கணவரின் அக்காவுக்குச் செய்தி எப்படிப் போனதோ, அன்று மாலையே போன் வந்துவிட்டது. "உனக்கு என்ன குறை வெச்சோம்? புருஷன்கிட்ட ஏதாவது கோவமா?"

"கோவமெல்லாம் இல்லைங்க அண்ணி. கோவம்னா அவரைத்தான் எங்கயாவது அனுப்புவேன்," என்றாள் நிமிஷக்கா.

இதற்கு முன் அவள் விமானம் ஏறியதில்லை. ஆனால் பயந்து உட்கார்ந்திருக்கிற ஆளும் அவள் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கையை வீசிக்கொண்டு விமான நிலையத்துக்குப் பஸ் ஏறிப் போனாள். நிறுத்தத்திலிருந்து நுழைவாசல் வரை நடந்து பார்த்தாள். பதினோரு நிமிஷம். பெட்டியோடு என்றால் பதினான்கு என்று போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று, சோதனை வரிசையில் எது தாமதமாக்குகிறது என்று முக்கால் மணி நேரம் கவனித்தாள். பெல்ட் கழற்றுகிறவர்கள், ஷூ நாடாவோடு மல்லுக்கட்டுகிறவர்கள், பைக்கு அடியில் கிடக்கிற தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறவர்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினாள். நாடா இல்லாத செருப்பு. உலோகம் எல்லாம் ஒரே மேல்கோட்டின் ஒரே பையில். பாட்டில் காலி, உள்ளே போன பிறகு நிரப்பிக்கொள்ளலாம். தாள்கள் எந்த வரிசையில் கேட்கப்படுமோ அந்த வரிசையில்.

மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "அம்மா, அது ஏர்போர்ட். உன் டிப்போ இல்ல."

"என்னடி பெரிய வித்தியாசம்? ஆளை ஏத்தி நேரத்துக்கு அனுப்பணும். அங்க பறக்குது, இங்க உருளுது."

புறப்பட்ட நாளில் சோதனை வரிசையை அவள் கடக்க எடுத்துக்கொண்டது நான்கு நிமிஷம். தட்டைத் தள்ளிய காவலர் அவளை நிமிர்ந்து பார்த்து, "அடிக்கடி பறப்பீங்க போல," என்றார். அவள் மறுக்கவில்லை.

போய்ச் சேர்ந்த பிறகுதான் சங்கடம் வந்தது. மூன்றாவது மாடியில் ஒரு சிறிய அறை. ஒற்றைக் கட்டில், ஒரு மேசை, ஆற்றைப் பார்த்த ஜன்னல். பெட்டியை வைத்தாள். கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான், செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. யாருக்கும் துண்டு எடுத்துத் தர வேண்டாம். யாரும் பசிக்கிறது என்று சொல்லவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கணவருக்குப் போன் போட்டாள்.

"எப்படி இருக்கு ஊரு?" என்றார் அவர்.

"இன்னும் பாக்கல."

அந்தக் குரல் மெதுவாக வந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "கீழ இறங்கு. முதல்ல வர்ற பஸ்ல ஏறு. எங்க போகுதுன்னு பாக்காத," என்றார். அளந்து பேசுகிற மனுஷன் அளந்துதான் சொன்னார். ஆனால் சரியான அளவு.

அவள் இறங்கினாள், ஏறினாள். கடைசி நிறுத்தம் வரை போனாள். அங்கிருந்து டிராம், அதன் முடிவில் படகு. படகு கரையைத் தொட்டபோது ஒரு பச்சை நிற பஸ் திருப்பத்தில் வந்து நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிசகே இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பரவாயில்லை என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அன்று சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர், "இன்னொருத்தர் வர்றாங்களா?" என்று எதிர் நாற்காலியைக் காட்டிக் கேட்டார். "இல்லைங்க, நான் ஒருத்திதான்," என்று அவள் சொன்ன சத்தத்தில் நாலு மேசைகள் திரும்பிப் பார்த்தன. ஜன்னலோர இடத்தைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

இப்படி மூன்று நாள். கால் போன போக்கில் நடந்தாள், கால் வலித்த இடத்தில் பஸ் ஏறினாள். ஊரின் பன்னிரண்டு வழித்தடங்களை முனையிலிருந்து முனை வரை பார்த்து முடித்தாள்.

திரும்பும் நாளில்தான் அவளுடைய பெருமைக்குரிய காரியம் நடந்தது.

விமானம் மதியம் ஒன்றரைக்கு. அவள் இரண்டு மணி நேரம் முன்பே வந்துவிட்டாள். புது இடம் எதுவானாலும் உட்காருவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது அவள் வழக்கம். தண்ணீர்க் குழாய் எங்கே, கூட்டம் இல்லாத கழிப்பறை எது, போனுக்குச் சார்ஜ் போடுகிற இடம் எது எல்லாம் பார்த்துக்கொண்டாள். தூரத்துக் கேட் ஒன்றின் பின்னால், கைப்பிடி இல்லாத நீள இருக்கைகள் இரண்டு வரிசை காலியாகக் கிடந்தன. படுத்தே தூங்கலாம்.

ஒன்றரை ஆனது. பலகையில் "தாமதம்" என்று ஒரே ஒரு சொல் வந்தது. நேரம் இல்லை. இரண்டு மணிக்கும் அதே சொல். கேட் மேசையைச் சுற்றி நூறு பேர் மொய்த்துவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நின்றவர் அவள் வயதுள்ள ஓர் ஊழியர். காலையிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வாய் அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது. இரட்டைக் குழந்தைகளோடு ஒரு பெண் அழுகிற நிலையில் இருந்தாள். டை கட்டிய ஒருவர் மேசையைத் தட்டினார்.

நிமிஷக்காவுக்கு அந்த முகங்கள் எல்லாம் பழக்கமானவை. இருபத்தேழு வருஷமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைத் திட்டிய முகங்கள். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய் ஊழியரிடம் குனிந்தாள்.

"வர வேண்டிய விமானம் அங்கேருந்து கிளம்பிடுச்சா?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "இல்லைங்க," என்றார் கரகரப்பாக. "அங்க மூடுபனி. ரெண்டு இருபதுக்கு முன்னால ஒண்ணும் கிளம்பாதுன்னு சொல்லிட்டாங்க."

"வந்து சேர?"

"ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் கம்மி."

"நாலு மணி. ஆளை இறக்கி, உள்ள கூட்டிப் பெருக்கி, மறுபடி ஏத்த?"

"நாப்பது நிமிஷம்."

"அப்போ நாலு நாப்பதுக்கு முன்னால இல்ல. அதை இவங்ககிட்ட சொல்லிடுங்க."

"எப்போ கிளம்பும்னு உறுதியாத் தெரியாம நேரம் சொல்லக் கூடாதுங்க."

"கிளம்பற நேரத்தைச் சொல்ல வேணாம். இதுக்கு முன்னால இல்லைன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

அவர் யோசித்தார். மேலதிகாரியிடம் போனில் பேசினார். தலையாட்டினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். நிமிஷக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க கேளுங்க!"

டிப்போக் குரல். பக்கத்துக் கேட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"இவருக்குத் தொண்டை போயிடுச்சு, அதனால நான் சொல்றேன். நம்ம விமானம் நாலு நாப்பதுக்கு முன்னால கிளம்பாது. அதுக்கப்புறம் எப்போன்னு யாருக்கும் தெரியாது. ஆனா அதுவரைக்கும் இங்க நின்னு கால் கடுக்க வேண்டியதில்ல. போய்ச் சாப்பிடுங்க, தூங்குங்க. நாலு மணிக்கு எல்லாரும் இங்க இருக்கணும்."

"நீங்க யாருங்க? கம்பெனி ஆளா?" என்றார் டை கட்டியவர்.

"இல்லைங்க. உங்களை மாதிரி பயணிதான், பதினேழாவது வரிசை. பஸ் டிப்போல டைம் கீப்பர். லேட்டானவங்ககிட்ட திட்டு வாங்கறதுதான் என் உத்தியோகம். உங்களுக்குத் திட்டணும்னா என்னைத் திட்டுங்க, இவரை விட்டுடுங்க. இவரால பதிலுக்குத் திட்டவும் முடியாது."

யாரோ சிரித்தார்கள். அது பரவியது. டை கட்டியவரும் வாயைக் கோணிக்கொண்டு சிரித்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் மேசை முன்னால் இருந்த கூட்டம் கலைந்தது. இரட்டைக் குழந்தைக்காரியை நிமிஷக்கா அந்த நீள இருக்கைகளுக்குக் கூட்டிப் போனாள். ஒரு குழந்தையை மடியில் வாங்கி, இன்னொன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "நீ கண்ணை மூடும்மா, நான் பாத்துக்கறேன்," என்றாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் படுத்தாள். ஒரு நிமிஷத்தில் தூங்கிப்போனாள். போனில் உயிர் இல்லாதவர்களுக்குச் சார்ஜ் போடுகிற இடம், பாட்டிலோடு அலைந்தவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் என்று இருந்த இடத்திலிருந்தே கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டரைக்கு ஊழியர் வந்து, விமானம் அங்கே கிளம்பிவிட்டது என்று காதருகே சொன்னார். அதையும் அவளே அறிவித்தாள்.

நாலு மணிக்கு ஒருவர் குறையாமல் வந்து நின்றார்கள். விமானம் நாலு நாற்பத்தேழுக்குப் புறப்பட்டது. ஏழு நிமிஷம். நிமிஷக்காவுக்கு அது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. "தரை இறங்கினப்புறம் படிக்கட்டு கொண்டுவந்து மாட்ட நேரம் ஆக்கிட்டாங்க," என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் புகார் சொன்னாள்.

பதினேழாவது வரிசையைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் அவளைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். டை கட்டியவர் அவள் பெட்டியை வாங்கி மேலே வைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். லேட்டானதற்காகத் தன்னிடம் நன்றி சொன்ன கூட்டத்தை அவள் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள்.

இறங்கி வெளியே வந்தபோது கணவரும் மகளும் காத்திருந்தார்கள். அவர்களிடம் அவள் வந்து சேருவதற்குள் பத்துப் பதினைந்து பேர், "வரோங்க்கா", "பாத்துப் போங்க்கா" என்று கையசைத்துப் போனார்கள். இரட்டைக் குழந்தைக்காரி ஓடிவந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "யாரு இவங்கல்லாம்?"

"கூட வந்தவங்க."

"நீ தனியாத்தானே போனே?"

"தனியாத்தான் போனேன்," என்றாள் நிமிஷக்கா. மகள் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரமே அவள் டிப்போவின் தாமதப் பலகையில் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தாள்: "இதற்கு முன் இல்லை." மேலதிகாரிகள் முதலில் முகம் சுளித்தார்கள். மூன்று மாதத்தில் கண்ணாடி அறைக்கு முன்னால் சண்டை பாதியாகக் குறைந்ததும், பக்கத்து டிப்போக்காரர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது நான்கு டிப்போக்களில் அந்தக் கட்டம் இருக்கிறது. கணவர் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், கேட்கிறார்களோ இல்லையோ, இதைச் சொல்லிவிடுகிறார். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்குப் பேச்சில் அளவு இல்லை.

முதல் முறை லீவு எழுதும்போது காரணம் என்ற இடத்தில் அவள் "சொந்த வேலை" என்று எழுதியிருந்தாள். மறு வருஷம் தாளை நீட்டினபோது டிப்போ மேலாளர் இரண்டு தடவை படித்தார். "ஊர் சுற்ற. தனியாக," என்று இருந்தது.

"எத்தனை நாள்?" என்றார்.

"அஞ்சு. போன தடவை ஒரு நாள் பத்தல."

அவர் கையெழுத்துப் போட்டார்.