ஜன்னல் சாத்தும் நேரம்: ஒன்று முதல் இரண்டு வரை

போன தை மாதம் மூன்றாவது சனிக்கிழமை சேலத்திலிருந்து நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரே ஒரு பக்கம் எழுதுவதற்கு.

எங்கள் பங்குக் கோயில் விழா மலருக்காக இடைக்கால ஐரோப்பாவின் கிறிஸ்தவ மறைஞானிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதிலும் எனக்குப் பிடித்தவர்கள், தேவாலயச் சுவரை ஒட்டிய சின்ன அறைக்குள் ஆயுள் முழுக்க அடைபட்டு வாழ்ந்த பெண்கள். அறையின் தெருப்பக்கம் ஒரு ஜன்னல், அதற்கு ஒரு கறுப்புத் துணி. ஊர்ச் சனங்கள் அங்கே வந்து மனக்குறையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஃபாதர் படித்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இன்னைக்கு நமக்கு இதால என்ன? அதுக்கு ஒரு பக்கம் சேருங்க. திங்கக்கிழமைக்குள்ள வரலைன்னா மலர்ல போட முடியாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாக இவர்களைப் படிக்கிறேன், அந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

அமைதியாக உட்கார்ந்தால் எழுத வரும் என்று நினைத்தேன். நாமகிரிப்பேட்டைக்கு வெளியே தோழியின் தோட்டத்து வீடு காலியாக இருந்தது. காலை 9.40க்குச் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். ராசிபுரத்துக்கு டிக்கெட் 28 ரூபாய். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. 12.15க்குத் தோட்டத்தை அடைந்தேன்.

பக்கத்துத் தோட்டத்தில் காதுகுத்து. நான்கு ஸ்பீக்கர்கள், நான்கும் என் பக்கமே திரும்பியிருந்தன. அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், ஒரு வரி வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

மெயின் ரோட்டில் அடுத்த பஸ் 2.15க்குத்தான். வெயிலுக்கு ஒதுங்க இருந்த ஒரே இடம் ஓர் எடை மேடை. மரவள்ளிக் கிழங்கு லாரிகள் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும்போது லோடோடு ஒருமுறை, இறக்கிவிட்டுக் காலியாக ஒருமுறை அதில் ஏறி நிற்கும். கழித்து வருவதுதான் கிழங்கின் எடை. ஓரமாக ஒரு சின்ன அறை, சாத்திய ஜன்னல். மணி 1.20. தட்டினேன். திறக்கவில்லை. நானா விடுவேன்? இன்னும் பலமாகத் தட்டினேன். கையில் தயிர்சாதத்தோடு ஒரு பெண் திறந்தாள்.

"தண்ணி கிடைக்குமா?"

"இந்தாங்க்கா, குடிங்க."

பெயர் செல்வி. ராசிபுரத்து நெசவுக் குடும்பம். நாள் முழுக்க அந்த அறைக்குள்தான் வேலை. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு என்னோடு பேச ஆரம்பித்தாள். அதற்குள் காலி லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, மகளுக்கு நர்சிங் சேர இடம் கிடைத்ததைச் செல்வியிடம் சொன்னார். "மொதல்ல உங்ககிட்டதானுங்க சொல்றேன், இன்னும் ஊட்டுல கூடச் சொல்லல" என்றார். எனக்கு மெல்லப் பொறி தட்டியது. சின்ன அறை, தெருப்பக்க ஜன்னல், வந்து மனதில் இருப்பதைச் சொல்லும் சனங்கள்! ஆர்வம் தாங்காமல் ஜன்னலை நெருங்கி, "உள்ளேயே அடைஞ்சு கிடக்கிறது உனக்குச் சலிக்கலையா?" என்று கேட்டேன்.

அவள் எடை காட்டும் திரையையே உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இந்த வண்டியோட காலி எடை எனக்கு மனப்பாடமுங்க. எழுவது கிலோ சாஸ்தியா காட்டுதேன்னு பாத்தா, நீங்க மேடை மேல நிக்கறீங்க!"

குனிந்து பார்த்தேன். ஆமாம், இரும்புத் தகட்டின் மேல்தான் நின்றிருந்தேன். என் மானம் கப்பலேறியது. டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளைங்க! வெளைய வெச்ச காட்டுக்காரருக்கு எழுவது கிலோ கெழங்கு போயிருக்குமுங்க" என்றார். கைப்பையும் சேர்த்துத்தான் எழுபது என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

லாரி போனதும், எடைச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதினேன். அந்தப் பெண்கள் உலகத்தை விட்டு ஓடவில்லை, ஓர் இடத்தில் உட்கார்ந்து வருகிறவரை முழுக் கவனத்தோடு பார்த்தார்கள். கவனிக்க ஆளில்லாத இந்தக் காலத்துக்கு அவர்கள் தேவை. பத்தே நிமிடத்தில் முடிந்தது. சந்தோஷத்தில், அந்தப் பெண்களின் அறை, ஜன்னல், கறுப்புத் துணி எல்லாவற்றையும் சொல்லி, செல்விக்கே முதலில் படித்துக் காட்டினேன்.

பொறுமையாகக் கேட்டாள். "நல்லா இருக்குதுங்க்கா. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இருந்துச்சுன்னீங்களே, அதை எப்பப் போடுவாங்க?"

"ஜெப நேரத்துல. அப்ப யாரும் வரக்கூடாது."

"அதை எழுதலீங்களே! சாத்தற நேரம் இருந்தாத்தானுங்க தொறக்கறப்ப நல்லா கேக்க முடியும்? ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் எனக்குச் சாப்பாட்டு நேரமுங்க. ஒருத்தரும் உடறதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மூடிய டப்பாவை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை மைல் அமைதி தேடி வந்து, இன்னொருத்தியின் ஒரு மணி நேர அமைதியைத் தட்டித் திறந்திருக்கிறேன். அதையும் ஒளிக்காமல் எழுதினேன். ஃபாதர் ஒரு வரி வெட்டாமல் மலரில் போட்டார்.

நீங்களும் அந்தப் பக்கம் எழுதவோ படிக்கவோ போவதாக இருந்தால் தை மாதம் நல்ல காலம், வெயில் தாங்கும். முகூர்த்த நாளைக் காலண்டரில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். ராசிபுரம் சாலையில் அந்த எடை மேடையைப் பார்த்தால் இறங்கிப் பேசலாம், தகட்டின் மேல் நிற்காமல். ஆனால் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஜன்னலைத் தட்டாதீர்கள். அவள் சாப்பிடட்டும்.