அம்பத்தூர் எஸ்டேட்டின் மூன்றாவது வல்லூறுக் குஞ்சு

வல்லூறுக் குஞ்சு முதன்முதலாகக் கூட்டை விட்டுப் பறக்கும் அந்த ஒரு நொடியைப் படம் எடுக்க மூன்று வருடமாக அலைகிறேன். முதல் வருடம் நான் போய்ச் சேர்வதற்குள் பறந்துவிட்டன. போன வருடம் முட்டைகளைக் காகம் தின்றுவிட்டது. இந்த மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் மூன்று குஞ்சுகளோடு கூடு இருப்பதாக நண்பர் சொன்னார். வெள்ளி முதல் செவ்வாய் வரை வேறு எந்த வேலையும் இல்லை என்று முடிவு செய்து அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். "படம் இல்லாமல் திரும்ப மாட்டேன்" என்று கணவரிடம் வீரமாகச் சொன்னேன். "ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேல்ல?" என்றார் அவர்.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் இருந்து மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், அரை மணி நேரப் பயணம். எஸ்டேட் அம்பத்தூரில்தானே இருக்கிறது என்று அம்பத்தூரில் இறங்கிவிடாதீர்கள். அதற்கு முந்தைய பட்டரவாக்கம்தான் பக்கம். அங்கிருந்து நான் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். முதல் நாள் தெரியாமல் அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் தண்டம் அழுதேன்.

கூடு ஒரு பிரஸ் ஷாப்பின் மதிலை ஒட்டி, இருபத்தைந்து அடி உயரக் கிளையில் இருந்தது. உள்ளே இரும்புத் தகட்டை இயந்திரம் 'டங் டங்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். மூன்று குஞ்சுகளும் அதைச் சட்டை செய்யாமல் கூட்டின் ஓரத்தில் நின்று இறக்கை அடித்துப் பழகின. நான் ராணுவப் பச்சை ஜாக்கெட், அதே நிறத் தொப்பி, முக்காலி, ஒரு முழ நீள லென்ஸ் சகிதம் எதிரே இடம் பிடித்தேன். தாய்ப்பறவை என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. பழகிவிடும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெயில் தாங்காமல் மோர் குடிக்கப் போனேன். பதினைந்து நிமிடம்தான். திரும்பி வந்தால் இரண்டு குஞ்சுகள் பக்கத்துக் கூரையில் உட்கார்ந்திருக்கின்றன! அந்த மோர்க் கடையை இன்றுவரை மன்னிக்கவில்லை. மூன்றாவது மட்டும் கூட்டிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதையே குறிபார்த்துக்கொண்டு, மோர் கூடக் குடிக்காமல் நின்றேன். அது அசையவில்லை. தாய் கத்தியதே தவிர இரை கொண்டுவரவில்லை.

திங்கள் காலை லைன்மேன் ஒருவர் வந்து, கூடு இருந்த கிளைக்கு நேராக அடிமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். கிளை மின்கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. மறுநாள் ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை, அப்போது வெட்டப் போவதாகச் சொன்னார். குஞ்சைக் காட்டினேன். தலையைச் சொறிந்தார்.

"பாவந்தாம்மா. ஆனா காத்தடிச்சா கம்பி அறுந்து யாரு தலைலயாச்சும் வியும். நாளைக்குள்ள அது பறந்துச்சின்னா அதுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அதோடு படம் என் மனதில் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. இன்னும் உறுதியாக, இன்னும் பக்கத்தில் போய் நின்றேன். அதாவது, இன்னும் முட்டாள்தனமாக.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. பிரஸ் ஷாப்பில் பேக்கிங் வேலை செய்யும் பெண்கள், புடவை மேல் நீலக் கோட்டோடு, அந்த மரத்தடியிலேயே வந்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். வல்லூறு அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர்களில் செல்வி என்பவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாக்கா, நாலு நாளா அத்தையே மொறச்சிக்கினு கீற?"

"அது பறக்கணும்ங்க. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ நின்னுகினு இருந்தா அது எப்டிக்கா பறக்கும்? நாங்க டெய்லி இங்கதான் துன்றோம், ஒன்னியும் பண்ணாது. உன்னக் கண்டாதான் கத்துது. அம்மாக்காரி ஓணானத் தூக்கிக்கினு வந்து, உன்னப் பாத்துட்டு அப்டியே திரும்பிப் பூடுது. அது பசியிலயே கீது."

எனக்குச் சுருக்கென்றது. மற்ற இரண்டும் பறந்தது நான் இல்லாத அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். காட்டில் மறைந்துகொள்ள வாங்கிய ஜாக்கெட், நீலக் கோட்டுகளுக்கு நடுவே என்னை மட்டும் தனியாகக் காட்டிக் கொடுத்திருக்கிறது. பறவைகள் மேல் அக்கறை உள்ளவள் என்று சொல்லிக்கொண்டு ஒரு குஞ்சைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

செல்வி உள்ளே போய் ஒரு பழைய கோட்டைக் கொண்டுவந்தார். "போட்டுக்கோ. மேல பாக்காத. எங்களாட்டம் குந்து."

ஜாக்கெட்டும் முக்காலியும் செக்யூரிட்டி அறைக்குப் போயின. மடியில் துண்டுக்கு அடியில் கேமராவை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மாலை வரை உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குள் இரண்டு முறை இரை வந்தது. குஞ்சு கூட்டை விட்டுக் கிளைக்குத் தாவியது. அவ்வளவுதான்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கெல்லாம் கோட்டோடு மரத்தடியில் இருந்தேன். ஒன்பதுக்கு மின்சாரம் போய் இயந்திரங்கள் நின்றதும் பெண்கள் வெளியே வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லைன்மேன் ஏணியோடு வந்தார். அண்ணாந்து பார்த்தார். ஏணியைப் படுக்கப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து டீ சொன்னார்.

ஒன்பது நாற்பதுக்குத் தாய் ஓணானோடு வந்தது. கூட்டுக்குப் போகாமல் எதிர்க் கூரையில் உட்கார்ந்து குரல் கொடுத்தது. குஞ்சு கிளையில் முன்னும் பின்னும் நகர்ந்தது. குனிந்தது. செல்வி என் கையை அழுத்தினார். கால் நழுவியதா, தானே குதித்ததா தெரியாது. விழுகிற மாதிரி இறங்கி, கம்பிக்குக் கீழே இறக்கையை விரித்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. பெண்கள் கை தட்டினார்கள். நான் அழுதுவிட்டேன். மடியில் இருந்த கேமராவில் ஒரு படம் விழுந்திருந்தது. பாதியை மின்கம்பம் மறைக்கிறது.

பத்து மணிக்குக் கிளை இறங்கியது.

நீங்களும் போவதானால்: ஏப்ரல் கடைசி முதல் மே வரை நல்ல காலம். தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். கூட்டில் இருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருங்கள். தாய் கத்தினால் அது உங்களைத்தான், உடனே நகர்ந்துவிடுங்கள். மரத்தடியில் தினமும் யார் உட்காருகிறார்களோ, முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

அடுத்த சனிக்கிழமை கோட்டைத் துவைத்து மடித்துப் பையில் வைத்து, திருப்பிக் கொடுக்கப் போனேன். சாதாரண சுடிதார்தான் போட்டிருந்தேன். மரத்தை நெருங்குவதற்குள் தாய் வல்லூறு கத்திக்கொண்டே வந்து தலைமுடியை உரசிப் போனது. மரத்தடியில் இருந்த மற்ற யாரையும் அது தொடவில்லை. கூரையில் மூன்று குஞ்சுகளும் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

செல்வி சிரித்துக்கொண்டே கோட்டை என் கையிலேயே திணித்தார்.

"நீயே வச்சிக்கோக்கா. நீ பண்ணத அது இன்னும் மறக்கல."