மூடி இல்லாத பியானோ

பினாங்குக் கடலில் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவே, ஓடும் ஃபெரியில் வைத்து ஒரு பாடகரின் மூக்கை உடைத்த ஜாஸ் பியானோக்காரர் நிருபன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பாடகர் செய்த குற்றம், முந்தைய நாள் நிகழ்ச்சியில் இரண்டு தாள அடி முன்னதாகப் பாட்டில் நுழைந்தது. அதைச் சொல்லிக் காட்டியபோது அவர் சிரித்தார். சிரித்ததுதான் வினையாகப் போயிற்று. சட்டையெல்லாம் ரத்தமாக அவர் கரையிறங்க, நிருபன் கூடவே நடந்து, அந்த இரண்டு அடியை எப்படி எண்ண வேண்டும் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டு வந்தார்.

அடி வாங்கி வளர்ந்த பிள்ளை அடிக்கத்தான் செய்யும் என்று இவருக்கு வக்காலத்து வாங்கவும் வழியில்லை. அப்பா கனகசுந்தரம் ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்த கிராணி, யாழ்ப்பாணத்து வம்சம், பிள்ளைகள் மேல் ஒரு நாளும் கை நீட்டாதவர். டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த வீட்டில் ஒரு பழைய பியானோவை வாங்கிப் போட்டு, மகனை எட்டாம் கிரேடு வரை பரீட்சை எழுத வைத்தார். படிப்புக்குப் படிப்பு, சங்கீதத்துக்குச் சங்கீதம், பிறகு டாக்டர் என்று அவர் கணக்கு. மகனோ பதினெட்டு வயதில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் கேட்டுவிட்டு வந்து, இனிமேல் இசைத் தாளைப் பார்த்து வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எழுதி வைக்காததை அந்த நிமிடத்தில் கண்டுபிடித்து வாசிப்பதைப்போல உலகத்தில் வேறு எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

கை இருந்தது, காது இருந்தது, பொறுமை மட்டும் மருந்துக்கும் இல்லை. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல், பாங்காக்கில் ஒரு கிளப், அப்புறம் ஒரு உல்லாசக் கப்பல். எல்லா இடத்திலும் கைதட்டலோடு உள்ளே போய்க் கைகலப்போடு வெளியே வந்தார். கப்பலில் பேஸ் கித்தார்க்காரருக்கு மைக் கம்பியால் இரண்டு பல் போயிற்று. அடுத்த துறைமுகத்திலேயே நிருபனைப் பெட்டியும் கையுமாக இறக்கிவிட்டார்கள். ஆனால் மனைவி பத்மாவதி மேலோ மகள் மிதுஷா மேலோ அவர் விரல் பட்டதில்லை. அதை ஒரு பட்டம்போல ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

பினாங்குக்குத் திரும்பியவரோடு பதினோரு வருஷம் தாக்குப்பிடித்தவர் ஹைருல் ஒருவர்தான். நிபோங் திபால் ஊர்க்காரர், டிரம்ஸ் வாசிப்பவர், எதிர்த்துப் பேசாதவர். முதல் வருஷமே நிருபன் வீசிய கண்ணாடி டம்ளர் அவர் நெற்றியைப் பிளந்து ஆறு தையல் போட வைத்தது. தையல் பிரித்த கையோடு வந்து ஒரு யோசனை சொன்னார்.

“அண்ணே, கோவம் வந்தா எங்க மேல வீசாதீங்கலா. பியானோ மூடிய அடிச்சுச் சாத்துங்க. நாங்க கைய எடுத்துருவோம்.”

நிருபன் அதைப் பிடித்துக்கொண்டார். ஒத்திகையில் யார் பிசகினாலும் கட்டைகளின் மேல் மூடி டமாரென்று விழும். ஹைருலின் குச்சிகள் அந்தரத்தில் நிற்கும். திட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எறிவதும் அடிப்பதும் நின்றுபோனதில் எல்லோருக்கும் சந்தோஷம். நிருபன் திருந்திவிட்டார் என்றே பேசிக்கொண்டார்கள். மனுஷன் திருந்தவில்லை, கோபம் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

மிதுஷாவுக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பாவும் மகளும் ஒரே பியானோவில் நாலு கையால் வாசிப்பதென்று முடிவாயிற்று. ஒரு ஞாயிறு மத்தியானம், சூலியா தெருவில் அவர்கள் வழக்கமாகக் கூடும் கடை மாடியில் ஒத்திகை. நிருபன் இடது பக்கம், மிதுஷா வலது பக்கம், பின்னால் டிரம்ஸில் ஹைருல். அவள் விரல்களிலிருந்து புதிது புதிதாக வந்ததைக் கேட்டு நிருபனுக்கு நெஞ்சு விம்மியது. தனக்கு முப்பது வருஷம் பிடித்தது அவளுக்கு மூன்றே வருஷத்தில் வந்திருந்தது. அந்த அழகான இடத்தில் பார்த்து ஹைருலின் தாளம் இழுத்தது.

நிருபன் மூடியை அடித்தார்.

பதினோரு வருஷமாக அந்த மூடிக்குக் கீழே இருந்தது அவருடைய கை மட்டும்தான். எப்போது வெளியே வர வேண்டும் என்று அதற்குத் தெரியும். மிதுஷாவின் கைக்குத் தெரியாது. மரம் எலும்பின் மேல் விழுந்த சத்தத்தை ஹைருல்தான் முதலில் புரிந்துகொண்டார். மூடியைத் தூக்கியபோது வலது கையின் மூன்று விரல்கள் நசுங்கி, வெள்ளைக் கட்டைகளின் இடுக்கில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மிதுஷா அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

ஹைருல் டிரம்ஸின் சிம்பல் தட்டைத் தாங்கும் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். முதல் அடியில் நிருபனின் தோள்பட்டை இறங்கியது. இரண்டாவதில் விலா. விழுந்தவரை மூன்றாவது முறையும் அடித்தார், அழுதுகொண்டே அடித்தார். யோசனை சொன்னவர் அவர்தானே. நிருபன் தடுக்கவில்லை. இன்னும் அடிக்க மாட்டானா என்று கிடந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்மாவதி புருஷனின் விலாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இத்தன வருஷமா அடுத்தவங்க பிள்ளைங்கள அடிச்சீங்க. நம்ம வீட்டுக்குள்ள வரலைன்னு நான் சும்மா இருந்தேன். என்னையும் சேத்துத்தான் செருப்பால அடிக்கணும்,” என்றாள்.

இரண்டு விரல்கள் தேறின. மோதிர விரல் மடங்க மறுத்துவிட்டது. கட்டுப் பிரித்த அன்று நிருபன் வீட்டுப் பியானோவின் மூடியைக் கழற்றிக் கோடாலியால் பிளந்தார். ஒத்திகை நடந்த கடை மாடிக்குப் போய் அங்கிருந்த பியானோவின் மூடியையும் பிளந்தார். மூடி போய்விட்டால் மகளின் பயமும் போய்விடும் என்று நம்பினார். பாவம் மூடி, அது தானாகவா விழுந்தது?

பத்து மாதம் கழித்து மிதுஷாவே ஹைருலுக்குப் போன் போட்டு மறுபடி வாசிக்க வரச் சொன்னாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன் என்றும் அவளேதான் சொன்னாள். மகள் தன்னை மன்னித்துவிட்டாளா என்பது ஒன்றுதான் நிருபனுக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது. கேட்கத் துணிவில்லை. வாசித்தால் தெரிந்துவிடும் என்று இருந்தார்.

அதே மாடியில் ஒரு சாயங்காலம், நாற்பது பேர் வந்திருந்தார்கள். மூடியில்லாத பியானோ பல் தெரியச் சிரிப்பதுபோல் நின்றது. பாதி வரைக்கும் எல்லாம் நன்றாகவே போயிற்று. மடங்காத விரலைத் தாண்டித் தாண்டி மிதுஷா ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தாள். அந்த மகிழ்ச்சியில், ஹைருலுக்கு அடுத்த திருப்பத்தைக் காட்ட நிருபன் இடது கையை உயர்த்தினார்.

மிதுஷாவின் இரண்டு கைகளும் கட்டைகளிலிருந்து பறந்து மார்போடு ஒட்டிக்கொண்டன.

இசை பாதியில் அறுந்தது. ஏதோ திட்டமிட்ட வித்தை என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். மிதுஷா அப்பாவைப் பார்த்தாள்.

“சாரிப்பா. நான் எடுக்கல. கை தானா வந்துருச்சு.”

தப்புச் செய்தவளைப்போல அவள் மன்னிப்புக் கேட்டதை நிருபனால் தாங்க முடியவில்லை. எழுந்தார். மேடையிலிருந்து இறங்கி, மேசைகளைத் தாண்டி, படிக்கட்டு வாசல் வரை போய் நின்றார். இவ்வளவு தூரம் போதுமா என்று கேட்பதுபோல அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். மிதுஷா தலையசைத்தாள். பிறகு கைகளை மெல்ல இறக்கி, வாசிக்க ஆரம்பித்தாள்.