அக்காவுக்குக் கொடுத்தது போக

என் அம்மா அப்பாவுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரத்துக்காரி நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, பிள்ளை குட்டி இல்லாமல், காய்ச்சலில் போய்விட்டாள். போய்விட்டாள் என்று நான் சொல்கிறேனே தவிர, எங்கள் வீட்டில் யாரும் அப்படி நடந்துகொண்டதில்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் அப்போதெல்லாம் சோளக்காடும் வாய்க்காலுமாக இருக்கும். அங்கே எங்களுக்கு ஓட்டு வீடு, மூன்றே அறை. அதில் ஓர் அறை அவளுக்கு. உயிரோடு இருந்த நாங்கள் மூன்று பேரும் மிச்ச இரண்டு அறையில் முட்டிக்கொண்டு கிடந்தோம்.

அந்த அறையில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கு முன்னால் ஒரு விளக்கு. உள்ளே அவளுடைய அரக்கு நிறச் சேலை, கொஞ்சம் கண்ணாடி வளையல், ஒரு குங்குமச் சிமிழ். போட்டோ கிடையாது. அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. அம்மாவின் தாலிக்கொடியில் மட்டும் ஒரு சின்னத் தங்கத் தகடு தொங்கும். அதில் ஒரு பெண் உருவம் குத்தியிருக்கும். இளையவளாக வாழ்க்கைப்படுகிறவள் மூத்தவளைக் கழுத்தில் சுமக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அந்த உருவத்துக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. சின்ன வயதில் அம்மா மடியில் படுத்தால் அது என் கன்னத்தில் வந்து இடிக்கும். வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும்.

அடுத்த முறைதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இளையவளுக்கு எது வந்தாலும் முதலில் மூத்தவளுக்குக் கொடுத்தாக வேண்டும். தீபாவளிக்கு அப்பா சேலை எடுத்து வந்தால் அது அம்மா கைக்கு வராது. நேராக அந்த அறைக்குப் போகும். பெட்டியின் மேல் வைத்து, பூ வைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் கழித்து அம்மா மட்டும் உள்ளே போவாள். "அக்கா, எனக்குக் குடுங்க" என்று கேட்பாள். கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். சேலை என்று இல்லை, ஒரு முழம் கனகாம்பரம் ஆனாலும் இதே கதைதான்.

சில சமயம் வெறும் கையோடு வெளியே வருவாள். "அக்கா வெச்சுக்கிட்டாங்க" என்பாள்.

அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு அப்படித்தான் பெட்டிக்குள் போனது. கல் வைத்த தோடு போனது. நல்லதாகப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வாள் மகராசி. நைந்துபோகிற நூல் சேலை ஒன்றையாவது வைத்துக்கொண்டாளா என்றால் இல்லை. செத்தவளுக்கு எதற்கம்மா தோடு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அம்மா என் வாயில் ஒன்று போட்டாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

கதவு இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன். அம்மா பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஏதோ சொல்வாள். பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். அந்தப் பக்கம் யாரோ நீளமாகப் பேசுவது போல ம், ம் என்பாள். ஒரு தடவை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, வயதுப் பெண் சிரிக்கிற சிரிப்பு. எங்களோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததே கிடையாது. நான் வேலிப்பக்கம் ஓடிப் போய் நின்றுகொண்டேன்.

அம்மாவுக்கு அம்மா அப்பா இல்லை. யார் வீட்டிலோ ஒண்டி வளர்ந்தவள், கூடப் பிறந்தவர்களும் இல்லை. எங்கள் சீமையில் பொறந்தவன், அதாவது அண்ணனோ தம்பியோ, கொண்டுவருகிற சீர் இல்லாத பெண்ணுக்கு நோம்பி, பண்டிகை நாளில் முகமே கிடையாது. மற்ற வீடுகளுக்கு வண்டி கட்டிக்கொண்டு அண்ணன் தம்பிகள் வருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே ஏங்கிச் செத்துப் போவாள் என்று, ஒறம்பரையாக வந்துபோகிற சொந்தக்காரிகள் அம்மாவைப் பற்றிப் பேசியதுண்டாம். ஆனால் அம்மாவுக்கும் ஒரு அண்ணன் வந்தார். மூத்தவளின் அண்ணன்.

அவர் சத்தியமங்கலத்துக்காரர். தங்கை செத்த பிறகு அந்த இடத்துக்கு வந்தவளையே தங்கையாக வரித்துக்கொண்டார். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பெண்பிள்ளைகள் பூப்பறிக்கப் போகிற நோம்பி அன்றைக்கு, பஸ்ஸில் வந்து இறங்குவார். வாழைத்தார், வெல்லம், கொம்பு மஞ்சள், மலைத்தேன் ஒரு சீசா, தாம்பாளத்தில் ஒரு சேலை. எனக்குத் தனியாக ரிப்பன். அப்படி ஒரு நல்ல மனுஷன். உட்கார்ந்ததும் "அம்மணி, நல்லாருக்கியா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா வருஷம் பூராவும் காத்திருந்தாள் என்பது எனக்கும் தெரியும். அவர் உட்கார மட்டும்தான் எங்கள் பவானி ஜமக்காளம் பரணிலிருந்து இறங்கும்.

ஒரு துணியில் முடிந்து காட்டு நெல்லிக்காயும் கொண்டுவருவார். செத்த தங்கைக்கு அது உயிராம். என் அம்மாவுக்குப் புளிப்பு ஆகாது, மாங்காயைப் பார்த்தாலே பல் கூசும். ஆனால் அவர் முன்னால் உப்பைத் தொட்டுத் தொட்டு ஒரு படி நெல்லிக்காயைத் தின்பாள். சரி, அவர் மனம் கோணக் கூடாதென்று தின்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தச் செருப்புக் கதையை எதில் வைத்துக்கொள்வது?

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். மாமா ஏதோ நினைப்பில், "அம்மணி, அன்னிக்கு ஆத்துல உன்ற செருப்பு போச்சே, நாவகம் இருக்குதா?" என்றார்.

"ஒத்தச் செருப்புத்தானுங்கண்ணா போச்சு. மிச்சம் இருந்ததை நீங்கதான வீசிப்போட்டீங்க, ஒண்ண வெச்சுட்டு என்ன பண்றதுன்னு. ஊட்டுக்கு வார வரைக்கும் என்னைத் தூக்கிட்டு வந்தீங்க" என்றாள் அம்மா. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

மாமாவின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். என் அம்மா பவானி ஆற்றைப் பார்த்ததே இல்லை. சத்தியமங்கலம் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

மாமா போன பிறகு, "உனக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டேன்.

"எதைய?"

"செருப்புக் கதையை."

அம்மா என்னையே பார்த்தாள். "நான் என்ன சொன்னேன்?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். மாமா இருக்கும் நாள் முழுக்க அம்மா என்னைக் கண்ணு என்று கூப்பிடமாட்டாள். தலை பின்னிவிடமாட்டாள். தின்றாயா என்று கேட்கமாட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தை நிற்பது போல என்னைத் தாண்டிக்கொண்டு போவாள். பிள்ளை பெறாத ஒருத்தி அப்படித்தான் போவாள் என்று எனக்குத் தோன்றியது. மாமா பஸ் ஏறிப் போனதும் திரும்பி வந்து, "வா கண்ணு, பசிக்குதா?" என்பாள். ஒவ்வொரு வருஷமும் அவள் திரும்பி வருவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆயிற்று.

இப்போது என் பிடிவாதம் உங்களுக்குப் புரியும். அம்மாவுக்கு, அவளுக்கே அவளுக்கென்று, இந்த உலகத்தில் ஒரு பொருள் வந்து சேர வேண்டும். யார் கையையும் தொட்டு வராமல், யாரிடமும் கெஞ்சிக் கேட்காமல். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அவள் எனக்கு மிஞ்சுவாள், இல்லாவிட்டால் அந்தப் பெட்டி அவளையும் வைத்துக்கொள்ளும் என்று நான் நம்பினேன். இன்றைக்கும் அது பைத்தியக்காரத்தனம் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்ததும், "உனக்கு என்ன நெறம்மா புடிக்கும்?" என்று கேட்டேன்.

"அக்காவுக்கு அரக்குத்தான் புடிக்கும்" என்றாள்.

"உன்னைக் கேட்டேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "தெரியலியே கண்ணு" என்றாள். மறுநாள் காலையில் அவளாகவே வந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "சின்னப் புள்ளைல வெங்காயத் தோல் நெறத்துல ஒரு பாவாடை கேட்டு அழுதேன். ஆரு எடுத்துக் குடுப்பா எனக்கு" என்றாள்.

ஒப்பணக்கார வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி அந்த நிறத்தைப் பிடித்தேன். கடைக்காரர் சலித்துப்போய் எழுந்து போய்விட்டார், பையன்தான் எடுத்துப் போட்டான். பூப்பறிக்கிற நோம்பி அன்று காலையில் அம்மா குளித்துவிட்டு வந்ததும் சேலையை நேராக அவள் கையில் கொடுத்தேன். அவள் கால் தானாக அந்த அறைப்பக்கம் திரும்பியது. நான் குறுக்கே நின்றுகொண்டேன்.

"அங்க போனா நான் இப்பவே கொண்டு போய் அடுப்புல வெச்சுருவேன். இது உனக்கு. அவளுக்கில்ல."

"அப்படிப் பேசாத சாமி."

"கட்டும்மா."

அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா கட்டினாள். அடேயப்பா! பத்து வயது இறங்கிப் போயிற்று. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் துணியை நீவி நீவிப் பார்த்தாள். "நல்லாருக்குதா கண்ணு?" என்று கேட்டாள். நோம்பி நாளில் அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனை வருஷம்! நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

பால் கறக்கப் போனபோது பசு அவளைக் கிட்டே அண்டவிடவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றியது. அவள் கையால் தவிடு தின்று வளர்ந்த மாடு. புதுத் துணிக்கு மாடு மிரளத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நானே கறந்தேன்.

உச்சி நேரத்துக்கு மாமா வந்தார். அவருக்குக் கண் பழுது ஒன்றும் கிடையாது. தெருமுனையிலிருந்தே என்னைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா" என்று சிரித்துக்கொண்டு வந்தவர். அம்மா சொம்பில் தண்ணீரோடு வாசலுக்குப் போய், "வாங்கண்ணா" என்றாள்.

மாமா தண்ணீரை வாங்கினார். குடித்துவிட்டு மரியாதையாகச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அம்மணி இல்லீங்களா ஊட்டுல?" என்று அம்மாவிடமே கேட்டார்.

"மச்சான், இவதானுங்க" என்றார் அப்பா.

மாமா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அந்நியப் பொம்பளையை இவ்வளவு நேரம் பார்க்கக் கூடாதென்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டார். "வெளையாடாதீங்க மாப்ளெ. பொங்கச் சீரு கொண்டாந்திருக்கறன். அவளைக் கூப்புடுங்க" என்றார். முகத்தில் துளி கேலி இல்லை. தாம்பாளத்தை யாரிடமும் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று அந்த அறைக்குப் போனாள். நான் ஓடிப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்மா. அந்த ஆளுக்கு என்னமோ ஆயிப்போச்சு. நீ போகாத."

"விடு கண்ணு."

"இது உன்னுதும்மா!"

"எனக்குப் பொறந்தவன்னு இந்த ஒலகத்துல அவரு ஒருத்தருதான் கண்ணு. விடு" என்றாள். அவ்வளவு சாதுவான பொம்பளை என் விரலை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. அம்மா பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த ம், ம். பிறகு ஒன்றுமே இல்லை. அப்பா மாமாவை ஜமக்காளத்தில் உட்கார வைத்திருந்தார். இரண்டு பேரும் இந்த வருஷம் மஞ்சள் விளைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கதவை உடைக்க வேண்டும் போல இருந்தது.

கதவு திறந்தது. அம்மா பெட்டியில் இருந்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். வெங்காயத் தோல் நிறத்துச் சேலை அவள் கையில் இல்லை. என்னை உரசிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்து போனாள்.

மாமா முகம் மலர்ந்து எழுந்தார். "எங்க அம்மணி போயிட்ட, இந்நேரம் பார்த்துட்டு உக்காந்திருக்கறேன்! வந்ததுமே ஒரு அம்மா தண்ணி குடுத்தாங்க. பாவம், நல்ல மாதிரியா தெரிஞ்சாங்க. ஆரு அது?"

அம்மா தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆரோ ஒறம்பரைங்கண்ணா" என்றாள். "போயிட்டாங்க."