இறக்கை முனையில் கறுப்பு இல்லை

ஆர்டிஸ் அத்தையின் தூண்டில் கடைச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. பனிவாத்தின் இறக்கை முனை கறுப்பு, சுடலாம். அன்னம் முழுக்க வெள்ளை, சுடக்கூடாது. மினசோட்டாவில் எங்கள் ஊரில், வேட்டை உரிமம் வாங்க அந்தக் கடைக்கு வரும் யாரையும் அத்தை அந்தப் படத்தின் முன் நிறுத்தாமல் விட்டதில்லை.

அத்தைக்கு அறுபத்திரண்டு வயது. பதினாறு வயதிலிருந்து வருஷம் தவறாமல் வாத்து முத்திரை, அதாவது வாத்து வேட்டைக்கு அரசாங்கம் விற்கும் தபால்தலை மாதிரியான வில்லை, வாங்கி அதன்மேல் கையெழுத்துப் போடுகிறாள். கையெழுத்து இல்லாத முத்திரையோடு சுட முடியாது. ஊருக்கு வடக்கே உள்ள சதுப்பு, அந்த முத்திரைக் காசில் அரசாங்கம் வாங்கியது. அதற்கு முன் தண்ணீரை வடித்துச் சோளம் போட்டிருந்தார்கள். "தெக்கு மூலை என் காசு" என்பாள். அக்டோபர் விடியலில் அங்கே படகில் உட்காருவதற்காகவே மற்ற மாதங்களைத் தள்ளுகிறவள்.

ஐந்து வருஷம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் திரும்பிய அக்டோபரில் என்னையும் கூட்டிப்போனாள். மூடுபனி. வெள்ளையாக மூன்று பறவைகள் தாழ வந்தன. சுட்டாள். ஒன்று விழுந்தது.

அத்தையின் நாய் நீந்திப் போய், நெடுநேரம் கழித்து எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. கழுத்து வந்துகொண்டே இருந்தது.

அத்தை இறக்கையை விரித்தாள். நுனிவரை வெள்ளை.

"யாரும் பாக்கல அத்தை. நாணலுக்குள்ள விட்டுட்டுப் போயிடலாம்."

"நீ பாத்தியே."

கர்ட்டுக்குப் போன் செய்தாள். அவர் வனவிலங்கு அதிகாரி, அவளோடு பள்ளியில் படித்தவர், தினமும் அவள் கடையில்தான் காபி.

"அன்னத்தச் சுட்டுட்டேன்டா."

"காலங்காத்தால கிண்டலா?"

"வந்து பாரு."

கரையில் பறவையைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "நீயா ஆர்டிஸ்? அந்தப் படத்த மாட்டுன நீயா?"

"எழுது."

"மூணு வருஷம் உரிமம் போயிடும்டி."

"பேனா இருக்கா, நான் தரட்டா?"

அவர் சொன்னபடியே தீர்ப்பு வந்தது.

ஜூலையில் கடைக்குப் புது முத்திரைகள் விற்பனைக்கு வந்தன. முதல் முத்திரையை அத்தையே காசு போட்டு எடுத்துக்கொண்டாள்.

"உனக்கெதுக்குடி? சுடவே முடியாதே" என்றார் கர்ட், காபியைக் கீழே வைத்துவிட்டு.

"சதுப்புக்குத் தண்ணி வேணாமா?"

முத்திரையை அந்தப் படத்தின் கீழ் ஒட்டினாள். பேனா கையில்தான் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை.