அணைக்காத இஞ்சின்

கர்ட்டன்காரர் காரை நிறுத்திவிட்டார், இஞ்சினை நிறுத்தவில்லை. ஒரு கால் தரையில், மறு கால் வண்டிக்குள். கதவைத் திறந்து பிடித்தபடி, தங்கை வீட்டு கேட்டைப் பார்த்து இரண்டு ஹாரன் அடிக்கிறார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பின் சீட்டிலிருந்த துணி மூட்டை கேட்டின் மேல் ஏறிவிடுகிறது.

"உள்ள வாண்ணா."

"வண்டிய ஆஃப் பண்ணா சாவி திரும்பாதும்மா. இன்னொரு நாள் சாவகாசமா வரேன்."

தங்கை வீடு எனக்கு எதிர்வீடு. அந்த இன்னொரு நாள் வந்து நான் பார்த்ததே இல்லை.

தொழில் திரைச்சீலை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி தைத்து, கம்பி அடித்து மாட்டித் தருவார். கர்ட்டன்காரர் என்றால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். கழுத்தில் டேப், காதில் பென்சில், உதட்டில் எப்போதும் ஓர் ஊசி. ஆளைப் பார்த்துப் பேச மாட்டார், ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுவார். "துணிய இழுத்து இழுத்து விடக் கூடாதுங்க. அதுவா விழணும்" என்று ஊசிக்கும் உதட்டுக்கும் நடுவே சொல்வார். அவர் மாட்டிய திரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

தங்கை வீட்டுத் திரைகள் மட்டும் ஒரு சாண் குட்டை. பள்ளிக்கூடப் பிள்ளை வளர்ந்த பிறகும் போட்டுக்கொண்டிருக்கிற கால்சட்டைபோல் இருக்கும். காரணம், அந்த ஜன்னல்களை அவர் அளந்ததில்லை. அவள் போனில் அளவு சொல்வாள், இவர் தைத்து வந்து கேட்டின் மேல் போடுவார்.

என் வீட்டுக்கும் ஒருமுறை வந்தார். வாசலில் வண்டியை அணைத்தார், நிதானமாக அளந்தார், இரண்டு தம்ளர் டீ குடித்தார். கிளம்பும்போது சாவி திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் அழுத்தி, சாவியை மயிரிழை வெளியே இழுத்து, "வாடா ராஜா, மானத்த வாங்காதடா" என்று கொஞ்சினார். பலிக்காமல் போகவே "சனியனே" என்றார். அதற்குத் திரும்பியது. "பூட்டு தேஞ்சு போச்சு சார், மாத்தணும்" என்று சிரித்துவிட்டுப் போனார். ஊரிலுள்ள எல்லா வாசலிலும் அணைகிற இஞ்சின் அந்த ஒரு வாசலில் மட்டும் ஏன் அணைவதில்லை என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் வந்தது.

விஷயத்தைத் தங்கையே ஒரு நாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவள் விரும்பிய மனிதர் ஒரு ஷூ கடையில் விற்பனையாளர். இன்றும் அதே கடைதான். செய்தி தெரிந்ததும் அண்ணன் நேரே கடைக்குப் போனார். மாப்பிள்ளை அப்போது மண்டியிட்டு யாரோ ஒருவருக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "ஊரான் கால்ல ஷூ மாட்டி விடறவனுக்கா என் தங்கச்சி?" என்று கடை அதிரக் கத்தினார் அண்ணன். மாப்பிள்ளை ஷூ கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கல்யாணம் நடந்தது. அண்ணன் வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனார். கோபம் ஆறிவிட்டது, வெட்கம் ஆறவில்லை. அந்த வீட்டில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. சொன்ன சொல்தான் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் புதுத் திரைகளோடு வந்தார். தங்கை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி ஒரு சாண் குறைவு.

"ஊருக்கெல்லாம் அளக்கறே. என் வீட்டு ஜன்னல் உனக்குக் கடிக்குதா?"

"அளவு நீ சொன்னதுதானேம்மா..."

 திறந்திருந்த கார் ஜன்னல் வழியே கையை விட்டு, சாவியைத் திருகி இஞ்சினை அணைத்துவிட்டாள்.

"ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டே!"

பாய்ந்து சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டது. சாவி முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ராஜாவும் ஆயிற்று, சனியனும் ஆயிற்று. வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் தள்ளலாமென்று நானும் போனேன். நியூட்ரலில் போட்டும், சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பிப் பூட்டியிருந்ததால் அது சுவரைப் பார்த்துத்தான் நகர்ந்து ஓரத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கடையிலிருந்து வந்துவிட்டார்.

அண்ணன் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளையோ பையைக் கீழே வைத்து, "சாவி மாட்டிக்கிச்சா?" என்று மட்டும் கேட்டார். பூட்டைக் கீழிருந்து பார்ப்பதற்காகக் கதவோரம் தெருமண்ணில் மண்டியிட்டார். அண்ணனின் பாதங்களுக்குப் பக்கத்தில் அவர் முகம். அண்ணன் வெடுக்கென்று கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எந்திரிங்க. மண்ணுல எதுக்கு..."

"பரவால்ல. எனக்குப் பழக்கம்தான்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சொன்னார்:

"அன்னைக்குக் கடையில நான் பேசினது ரொம்பத் தப்பு, மாப்ளே."

"தெரியும் மச்சான். ஸ்டீயரிங்க இடது பக்கம் அமுக்கிப் பிடிங்க."

கேட்டருகே நின்ற தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவ்வளவு நடந்தும் சாவி இளகவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கடையைச் சாத்திவிட்டதாகவும் காலையில் வருவதாகவும் சொன்னார். அண்ணன் "நான் பஸ் பிடிச்சு..." என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை காரிலிருந்த அண்ணனின் தொழில் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். பையின் பின்னால் அவரும் போகவேண்டியதாயிற்று.

எதிர் ஜன்னலில் எல்லாம் தெரிந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து ஜன்னல் ஜன்னலாக அளக்கத் தொடங்கிவிட்டார். டேப்பின் மறுமுனையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தார். "உட்காருண்ணா, ஜன்னல் எங்கயும் ஓடிடாது" என்று தங்கை அதட்டுவது தெருவரைக்கும் கேட்டது.

காலையில் மெக்கானிக் வந்து தேய்ந்த பூட்டைக் கழற்றிப் புதிது மாட்டினார். அண்ணன் ஓட்டிப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார், மறுபடி ஓட்டிப் பார்த்தார். புதுப் பூட்டோடு இரண்டு சாவி வந்திருந்தது. ஒன்றைத் தன் வளையத்தில் கோத்தார். மற்றதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்றே நின்றார். பிறகு, கடைக்குக் கிளம்பி வாசலில் நின்ற மாப்பிள்ளையின் சட்டைப் பையில் அதைப் போட்டு, பையின் மேல் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.